போன புத்தகத்தின் ஃபைலை அனுப்பாதீர்கள்: தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு டெம்ப்ளேட் செய்து பகிர்வது எப்படி

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தன் கவிதைகளைப் புத்தகமாகப் போட நினைத்தார். "உன்னோட செட்டிங் நல்லா இருக்குடா, அதை அப்படியே குடு, நான் கொட்டிக்கிறேன்" என்றார். அப்போதுதான் ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு லேஅவுட் முடித்திருந்தேன். அந்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்து, அப்படியே அனுப்பிவிட்டேன். 300 பிரதிகள் அச்சாகி வந்தன. 47ஆம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அடியில் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் என் பழைய கட்டுரைத் தொகுப்பின் பெயர். ஃபைலுக்குள் இரண்டாவதாக ஒரு பக்க ஸ்டைல் (பக்கத்தின் அளவு, ஓரம், அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேர்த்து வைத்த அமைப்பு) ஒளிந்திருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. "கவிதையெல்லாம் என்னோடது, புத்தகம் உன்னோடது" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

நம்மில் பெரும்பாலோர் டெம்ப்ளேட் என்று சொல்லிக்கொண்டு பகிர்வது இந்த மாதிரியான பழைய ஃபைலைத்தான். அதில் நம் கணினியின் பழக்கவழக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும். புதிதாகத் தொடங்குபவருக்கு எது அமைப்பு, எது மிச்சம் என்று தெரியாது. அதனால் புதிதாக உட்கார்ந்து ஒன்று செய்வோம். ஒரு முறை அரை நாள் உட்கார்ந்தால் போதும். அப்புறம் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், யாரிடமும் "முதலில் லைசன்ஸ் வாங்குங்கள்" என்று சொல்ல வேண்டியதில்லை. இன்டிசைன் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவல், கட்டுரை, ஊர் வரலாறு, கவிதை இவற்றுக்கு ரைட்டர் போதும். பக்கத்துக்கு நான்கு படம் வருகிற ஆண்டு மலர் என்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவச லேஅவுட் மென்பொருள் பக்கம் போய்விடுங்கள். மெனுப் பெயர்களை ஆங்கில முகப்பில் இருப்பதுபோலவே சொல்கிறேன், பெரும்பாலான கணினிகளில் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் எழுத்துரு

நம் ஆட்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். ரைட்டர் ஒவ்வொரு பத்திக்கும் மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீன, ஜப்பானிய எழுத்துக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு ஒன்று. மூன்றாவதை அது 'காம்ப்ளெக்ஸ்' என்று அழைக்கும். புதியவர் ஸ்டைலைத் திறந்து முதல் பெட்டியில் எழுத்துருவை மாற்றுவார், அளவை 11 என்று வைப்பார், ஓகே கொடுப்பார். தமிழ் அசையாமல் பழைய எழுத்துருவிலேயே 12இல் நிற்கும். மாறியது ஆங்கிலம் மட்டும். அளவும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம்.

அந்த மூன்றாவது பெட்டியே தெரியவில்லை என்றால், டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பிரிவில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற இடத்தில் டிக் போட்டு, மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள்.

எந்த எழுத்துரு? பகிரப் போகிறோம் என்பதால் கேள்வி கொஞ்சம் மாறுகிறது: எதைச் சட்டப்படி கூடவே அனுப்பலாம்? விண்டோஸில் வரும் லதா, நிர்மலா போன்றவற்றை எடுத்து ஜிப்பில் போட்டு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தவை. அந்த உரிமக் கோப்பையும் சேர்த்து வைத்தால் தாராளமாகப் பகிரலாம். நான் உள் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழும், இடையில் வரும் ஆங்கிலத்துக்கு நோட்டோ செரிஃபும் வைக்கிறேன். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதில்லை.

கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கினால் ஜிப்புக்குள் 'வேரியபிள்' ஃபைல் ஒன்றும், 'ஸ்டாட்டிக்' என்ற ஃபோல்டரும் இருக்கும். ஸ்டாட்டிக் ஃபோல்டரில் உள்ள ரெகுலர், போல்ட் இரண்டையும் மட்டும் நிறுவுங்கள். வேரியபிளைப் போட்டால் சில பதிப்புகளில் திரையில் ஒன்று, பிடிஎஃப்பில் வேறொன்று வரும்.

சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், கால் வழுக்கி விழப்போகிறவர் மாதிரி இருக்கும். 'எம்ஃபசிஸ்' என்ற கேரக்டர் ஸ்டைலைத் திறந்து அதன் சாய்வை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்து என்று மாற்றிவையுங்கள். யாராவது சாய்க்க நினைத்து அந்த ஸ்டைலைத் தொட்டாலும் தடிப்பாகத்தான் வரும்.

பக்கம்

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்குவது டெமி 1/8, அதாவது ஏறத்தாழ 14 × 21.5 செ.மீ. அதைவிடச் சின்னது கிரவுன் 1/8, சுமார் 12 × 18. வெட்டிய பிறகு சரியாக எவ்வளவு வரும் என்பதை உங்கள் பிரஸ்ஸில் ஒரு முறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், கட்டிங் மெஷினுக்கு மெஷின் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும்.

எஃப்11ஐ அழுத்தினால் வலப்பக்கம் ஸ்டைல் பட்டியல் திறக்கும். அதன் மேலே உள்ள சின்னங்களில் பக்க ஸ்டைல்களுக்கானதைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பெயர் 'உள்பக்கம்'. ஸ்டைல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், வையுங்கள். அகலம் 14, உயரம் 21.5. பேஜ் லேஅவுட் என்ற இடத்தில் 'மிரர்டு' என்று கொடுத்தால் இடது, வலது என்பது போய் உள், வெளி என்று மாறும். உள் ஓரம் 2.2, வெளி ஓரம் 1.8 வைத்தால் வரிக்குச் சரியாக 10 செ.மீ. கிடைக்கும். தைக்கிற பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் வாசகர் புத்தகத்தைப் பிளந்து படிக்க வேண்டியிருக்காது.

மேல் ஓரம் 2. கீழே மட்டும் கொஞ்சம் கணக்கு. ரைட்டரில் ஃபுட்டர் (பக்கத்தின் அடியில் பக்க எண் வரும் பகுதி) ஓரத்துக்குள் அடங்காது, எழுத்துப் பரப்பைத் தின்றுதான் உட்காரும். அதனால் கீழ் ஓரம் 0.8, ஃபுட்டர் உயரம் 0.6, ஃபுட்டருக்கும் எழுத்துக்கும் நடுவே 0.5. மூன்றும் சேர்ந்து 1.9. ஃபுட்டரில் 'ஆட்டோஃபிட் ஹைட்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு வளரும்.

இந்த எண்களை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்றால், எழுத்துக்கு மிச்சமாவது 17.6 செ.மீ. உயரம், அதாவது கிட்டத்தட்ட 499 பாயிண்ட். வரிக்கு வரி 16 பாயிண்ட் வைத்தால் 31 வரிகளுக்கு 496. மூன்று பாயிண்ட் சும்மா கிடக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் 31 வரி ஒரே உயரத்தில் நிற்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன் மேல் ஒன்று விழும். ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்தில் இது தானாக நடந்தது.

ஃபுட்டரில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உள்ளடக்கம் என்ற டிக்கையும் எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்திலும் எண்ணை வெளி ஓரமாக வையுங்கள்.

அடுத்து 'அத்தியாயத் தொடக்கம்' என்று இரண்டாவது பக்க ஸ்டைல். அளவுகள் அவையே, ஃபுட்டர் இல்லை, கீழ் ஓரம் 1.9. இதன் 'நெக்ஸ்ட் ஸ்டைல்' என்ற இடத்தில் 'உள்பக்கம்' என்று கொடுங்கள். அத்தியாயம் எப்போதும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பவர்கள் லேஅவுட்டில் 'ஒன்லி ரைட்' கொடுக்கலாம். நான் கொடுப்பதில்லை. அழகுதான், ஆனால் இருபது அத்தியாயப் புத்தகத்தில் பத்து வெற்றுப் பக்கம் போகும், தாள் விற்கிற விலையில்.

பத்தி ஸ்டைல்கள்

புதியவருக்கு ஆறு ஸ்டைல் போதும். ரைட்டர் தானாகத் தருகிற நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டைல்களைப் பார்த்தால் அவர் பயந்துவிடுவார். உங்களுடையவற்றை எண்ணோடு பெயரிட்டால் வரிசையாக நிற்கும்: '01 முதல் பத்தி', '02 பத்தி', '03 மேற்கோள்', '04 பாடல்', '05 இடைவெளிக் குறி'. ஆறாவது அத்தியாயத் தலைப்பு. அதற்கு மட்டும் புதிதாக எதுவும் செய்யாமல் ரைட்டரின் 'ஹெடிங் 1'ஐயே திருத்திக்கொள்ளுங்கள். உள்ளடக்கப் பட்டியல் அதை வைத்துத்தான் தானாக உருவாகிறது. பட்டியலின் கீழே 'கஸ்டம் ஸ்டைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் நீங்கள் செய்த ஐந்து மட்டும் தெரியும். தலைப்புக்கு கண்ட்ரோல் + 1 என்று சொல்லிக்கொடுத்தால் போயிற்று.

'02 பத்தி'யில் என்னென்ன: 11 பாயிண்ட், வரி இடைவெளி 'ஃபிக்ஸ்டு' 16 பாயிண்ட், முதல் வரி உள்தள்ளல் 0.6 செ.மீ., பத்திகளுக்கு நடுவே இடைவெளி பூஜ்யம், இருபக்கச் சீர் (இரண்டு ஓரமும் நேராக நிற்பது). ஃபிக்ஸ்டு என்பதை 'ப்ரொபோர்ஷனல்' என்று வைத்துவிட்டால், ஒரு வரியில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தாலே அந்த வரி மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கலாம். '01 முதல் பத்தி' இதன் பிள்ளை, அதாவது இதன் அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். உள்தள்ளல் மட்டும் பூஜ்யம். பிள்ளையாக வைப்பதன் லாபம், நாளைக்கு 11ஐ 11.5 ஆக்க நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இப்போது ஒரு சின்ன வித்தை. ஒவ்வொரு பத்தி ஸ்டைலுக்கும் 'நெக்ஸ்ட் ஸ்டைல்' உண்டு. ஹெடிங் 1க்கு அடுத்தது '01 முதல் பத்தி'. அதற்கு அடுத்தது '02 பத்தி'. அதற்கு அடுத்தது அதுவே. பிறகு ஹெடிங் 1இன் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பக்கத்தில் பிரேக் → பேஜ் → பிஃபோர், கூடவே பக்க ஸ்டைல் 'அத்தியாயத் தொடக்கம்'. இவ்வளவும் செய்த பிறகு புதியவர் செய்ய வேண்டியது: தலைப்பை அடித்து கண்ட்ரோல் + 1 தட்ட வேண்டும், எண்டர் தட்டி எழுதிக்கொண்டே போக வேண்டும். புதுப் பக்கம் தானாக வரும், பக்க எண் தானாக மறைந்து அடுத்த பக்கத்தில் தானாக வரும், முதல் பத்தி உள்தள்ளாமல் நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள்.

'04 பாடல்' மட்டும் இடப்பக்கச் சீர். வெண்பாவின் நான்கு சீர் அடி 10 செ.மீ.க்குள் அடங்க வேண்டும் என்பதால் எழுத்தை 10.5 ஆக்கி, இடது உள்தள்ளலை 0.6க்கு மேல் போகாமல் வைத்திருக்கிறேன். இருபக்கச் சீரில் விட்டால், அடியின் முடிவில் ஷிஃப்ட் + எண்டர் தட்டும்போது மூன்று சீர் ஈற்றடிக்கு முந்தைய வரிகள் ரப்பர் மாதிரி இழுபடும்.

இருபக்கச் சீர் பற்றி ஒன்று. 10 செ.மீ. வரியில் தமிழ்ச் சொற்கள் ஐந்தாறுதான் வரும். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி ஒன்று வந்து வரியில் இடம் இல்லாமல் கீழே இறங்கினால், மேல் வரியில் குதிரை ஓடும் அளவுக்கு இடைவெளி விழும். தமிழ் அச்சில் சொல்லை உடைக்கும்போது கோடு போடாமல் உடைப்பதுதான் வழக்கம். அதற்கு இன்சர்ட் → ஃபார்மட்டிங் மார்க் பட்டியலில் அகலமில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. 'பார்த்துக்' என்பதை அடுத்து அதை வைத்தால் தேவையான இடத்தில் சத்தமில்லாமல் உடையும். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதெல்லாம் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் வேலை. முன்கூட்டியே செய்தால் உரை நகர்ந்ததும் வீணாகும், தேடும்போது அந்தச் சொல்லும் அகப்படாது.

பெயரை ஒரே இடத்தில் வைப்பது

இப்போது என் நண்பரின் 47ஆம் பக்கத்துக்கு வருவோம். புத்தகப் பெயரை ஃபுட்டரில் கையால் அடிக்கவே கூடாது. ஃபைல் → ப்ராப்பர்ட்டீஸ் → டிஸ்க்ரிப்ஷன் என்ற இடத்தில் 'டைட்டில்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 'புத்தகத்தின் பெயர்' என்று எழுதிவையுங்கள். அப்புறம் இடப்பக்க ஃபுட்டரிலும், தலைப்புப் பக்கத்திலும், நூல் விவரப் பக்கத்திலும் இன்சர்ட் → ஃபீல்டு → டைட்டில் கொடுங்கள். பயன்படுத்துபவர் அந்த ஒரு பெட்டியை மாற்றினால் எல்லா இடமும் மாறும். மறந்துவிட்டால்கூட அச்சில் 'புத்தகத்தின் பெயர்' என்றுதான் வரும், என் பெயர் போட்ட பழைய தொகுப்பு வராது.

நூல் விவரப் பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்று போதும்: நூல் தலைப்பு, ஆசிரியர், உரிமை, பதிப்பு ஆண்டு, தாள், நூல் அளவு, எழுத்து அளவு, மொத்தப் பக்கங்கள், விலை, கட்டுமானம், அச்சிட்டோர். நூல் அளவும் எழுத்து அளவும் டெம்ப்ளேட்டிலேயே தீர்மானமாகிவிட்டதால் அவற்றை நீங்களே நிரப்பிவிடலாம். மொத்தப் பக்கங்களுக்கு 'பேஜ் கவுண்ட்' ஃபீல்டு. அதன் அருகிலேயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: 'ஃபாரம் (மடித்து அச்சிடும் ஒரு தாள்) 16 பக்கம். 131 வந்தால் 144க்கான தாள் செலவாகும். மூன்று பக்கம் குறைக்க முடியுமா பாருங்கள்.' பிரஸ்ஸுக்குப் போன பிறகு இதைக் கேட்டு வருத்தப்பட்டவர்கள் நிறைய.

வெற்றுத் தாளை அனுப்பாதீர்கள்

டெம்ப்ளேட்டைத் திறந்தால் வெள்ளையாக இருந்தால் புதியவருக்கு அதற்கும் சாதா ஃபைலுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே மாதிரி உரை வையுங்கள், ஆனால் அது தன்னைப் பற்றியே பேசட்டும். என்னுடையதில் முதல் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

'இந்தப் பத்தி 01 முதல் பத்தி ஸ்டைலில் இருக்கிறது. தலைப்புக்கு அடுத்தது என்பதால் உள்தள்ளவில்லை. இதன் முடிவில் எண்டர் தட்டிப் பாருங்கள். அடுத்தது தானாக 02 ஆகிவிடும். நடுவில் காலி வரி விடாதீர்கள்.'

மேற்கோளுக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று என்று ஆறு பத்தி. உள்ளடக்கப் பட்டியலையும் ஒன்று செருகிவையுங்கள். கூடவே அவர் மறக்கக்கூடிய மூன்று குறுக்குவிசைகள்: கண்ட்ரோல் + எஃப்10 தட்டினால் காலி வரிகளும் இடைவெளிகளும் கண்ணுக்குத் தெரியும், வேறிடத்திலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி கொடுத்தால் வெறும் எழுத்து மட்டும் வரும், தப்பித் தவறி ஏதாவது அலங்காரம் ஒட்டிக்கொண்டால் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எம். நான்காவதாக கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸையும் சேர்த்திருக்கிறேன், 'ரூ.' ஒரு வரியிலும் '250' அடுத்த வரியிலும் விழாமல் இருக்க.

ஓடிடியாகச் சேமிப்பது

ஃபைல் → சேவ் ஆஸ் கொடுத்து வகையில் 'டெம்ப்ளேட்' என்று தேர்ந்தெடுங்கள். சாதா ரைட்டர் ஆவணத்தின் பெயருக்குப் பின்னால் வரும் வால் .odt, டெம்ப்ளேட்டுக்கு நடு எழுத்து மட்டும் மாறி .ott என்று வரும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் படம் பார்க்கிற தளங்களைச் சொல்கிற அதே ஓடிடி. "ஓடிடி அனுப்பியிருக்கேன்" என்று ஒருவருக்கு மெசேஜ் போட்டு, அவர் பாஸ்வேர்டு கேட்ட கதையும் நடந்திருக்கிறது. இந்த வகை ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, அதன் பிரதி பெயரில்லாத புது ஆவணமாகத் திறக்கும். மூலத்தை யாராலும் தெரியாமல் கெடுக்க முடியாது என்பதுதான் சாதா ஃபைலைவிட இதிலுள்ள பெரிய வசதி.

அனுப்புவதற்கு முன் சுத்தம். ப்ராப்பர்ட்டீஸில் 'அப்ளை யூசர் டேட்டா' டிக்கை எடுத்து, 'ரீசெட் ப்ராப்பர்ட்டீஸ்' அழுத்துங்கள், இல்லையென்றால் யார் புத்தகம் போட்டாலும் ஃபைலுக்குள் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். அழுத்திய பிறகு டைட்டில் பெட்டி அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அதே ஜன்னலில் 'ஃபாண்ட்' பக்கத்தில் எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதிக்கும் டிக் இருக்கிறது, போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், எழுத்துரு ஃபைலையும் தனியாக அனுப்புங்கள்.

ஆக ஜிப்புக்குள் நான்கு: டெம்ப்ளேட், எழுத்துரு ஃபோல்டர் உரிமக் கோப்போடு, மாதிரி பிடிஎஃப், 'முதலில் படிக்கவும்' என்று அரைப் பக்கம். ஃபைல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், கடைசியில் பதிப்பு எண்ணோடு வையுங்கள். தமிழ்ப் பெயர்கள் சில பழைய ஜிப் மென்பொருள்களில் கட்டம் கட்டமாகிவிடும். அரைப் பக்கத்தின் முதல் வரி: 'எழுத்துருவை முதலில் நிறுவுங்கள், பிறகு டெம்ப்ளேட்டைத் திறங்கள்.' இரண்டாவது வரி: 'கணினியில் திறங்கள், ஃபோனில் வேண்டாம்.' வாட்ஸ்அப்பில் வந்ததை அங்கேயே தட்டிப் பார்த்துவிட்டு "தம்பி, ஒண்ணும் வரலையே" என்று கூப்பிடுபவர்களுக்காக. யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பகிரலாம், கேட்க வேண்டியதில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் தயங்குகிறவர்கள் தயங்கிக்கொண்டே இருப்பார்கள்.

வேர்டில் வேண்டும் என்பார்கள். இதையே வேர்டு ஃபைலாகச் சேமித்துக் கொடுக்காதீர்கள், பக்க ஸ்டைல் என்ற ஏற்பாடே வேர்டில் கிடையாது. அங்கே செக்ஷன்களை வைத்துத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

பழைய உரையைக் கொட்டும்போது

டெம்ப்ளேட் சரியாக இருந்தும் "உடைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பாதி, உரையின் தவறு. பாமினி போன்ற பழைய முறையில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை என்பதால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒன்று. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஏற்கெனவே யூனிகோடில் இருந்தாலும் இரண்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் கால் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள், 'அவா்' என்று. 'அவர்' மாதிரியேதான் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, சில எழுத்துருக்களில் காலும் புள்ளியும் பிரிந்து நிற்கும். ஃபைண்டு அண்டு ரீப்ளேஸில் 'ா்' என்பதை 'ர்' ஆக மாற்றினால் ஒரே தட்டில் சரியாகும். அதேபோல 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று கொம்பும் ளகரமுமாக அடித்திருப்பது. இதை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள், 'கெளிறு' மாதிரி உண்மையான ளகரங்களும் சிக்கிவிடும்; ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள்

என் முதல் ஒழுங்கான டெம்ப்ளேட்டைத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன், வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு. இரட்டைக் கிளிக் செய்தார். ஜன்னலின் மேலே 'அன்டைட்டில்டு 1' என்று வந்தது. உடனே மூடிவிட்டார். மறுபடி கிளிக் செய்தார், 'அன்டைட்டில்டு 2'. திரும்பவும் மூடினார்.

"என்னங்க ஐயா?"

"இல்ல தம்பி, நீங்க குடுத்தது தொலைஞ்சு போச்சு போலிருக்கு. பேரில்லாம ஏதோ வருது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வசதி அவருக்கு ஃபைல் காணாமல் போனதாகத் தெரிந்தது. அன்று மாலையே மாதிரி உரையின் முதல் வரியை மாற்றினேன்: 'மேலே அன்டைட்டில்டு என்று இருப்பது சரிதான். இப்போதே கண்ட்ரோல் + எஸ் தட்டி உங்கள் புத்தகத்தின் பெயரில் சேமியுங்கள்.' சோதனைக்கு உட்காரும்போது உங்கள் எழுத்துருக்கள் இல்லாத கணினியாகப் பாருங்கள், நம் கணினியில் எல்லாமே வேலை செய்யும்.

லிப்ரே ஆபீஸ் 7.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ஸ்டைல் பட்டியலின் கீழே 'ஸ்பாட்லைட்' என்று ஒரு டிக் இருக்கிறது. போட்டால் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் எந்த ஸ்டைல் என்று நிறமும் எண்ணும் தெரியும். திரும்பி வந்த ஃபைலில் எங்கே கைவரிசை காட்டியிருக்கிறார்கள் என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

திருத்தி மறுபடி அனுப்பும்போது

கொடுத்த பிறகு திருத்தம் வராமல் இருக்காது. எண்களை, இடைவெளிகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஸ்டைல் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஏற்கெனவே பாதி எழுதிவிட்டவர் புதிய பதிப்பைத் தன் ஃபைலுக்குள் கொண்டுவர 'லோட் ஸ்டைல்ஸ் ஃப்ரம் டெம்ப்ளேட்' கொடுத்து, பக்க ஸ்டைலுக்கும் 'ஓவர்ரைட்'டுக்கும் டிக் போட்டு, 'ஃப்ரம் ஃபைல்' என்று உங்கள் புது ஃபைலைக் காட்டுவார். ரைட்டர் பெயரை வைத்துத்தான் பொருத்துகிறது. '02 பத்தி'யை நீங்கள் '02 உரை' ஆக்கியிருந்தால் அவருடைய 200 பக்கமும் பழையபடியே இருக்கும், பட்டியலில் மட்டும் புதிதாக ஒரு ஸ்டைல் சேர்ந்திருக்கும்.

ஆசிரியர் ஐயாவின் ஃபைல் இரண்டு மாதம் கழித்து வந்தது. ஸ்பாட்லைட்டில் பார்த்தால் ஒரே ஒரு இடத்தில்தான் கை வைத்திருந்தார். உள்ளடக்கப் பட்டியலை வலது கிளிக் செய்து 'அப்டேட்' கொடுக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அதனால் மாதிரி அத்தியாயத்தின் பெயரே அங்கே நின்றிருக்க, அதன் கீழே பதினெட்டு அத்தியாயப் பெயர்களையும் பக்க எண்களையும் அவரே எண்ணி, புள்ளி வைத்து, அடித்து வைத்திருந்தார். 1.3 பதிப்பில் பட்டியலுக்கு மேலே அந்த வரி இருக்கிறது.